பத்து வருடப் பழைய டிஜிட்டல் கடிகாரம் நேரம் தவறினால் எங்கே தேடுவது

கேள்வி சுருக்கமாக இது. நேரத்தை எண்ணும் டிஎஸ்1307 ஐசியும் அதற்குத் துடிப்பு கொடுக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் வைத்து 2014-ல் நீங்களே செய்த சுவர்க் கடிகாரம், முதல் சில வருடங்கள் மாதத்துக்கு இருபது இருபத்தைந்து நொடிதான் பின்தங்கியது, இந்தக் கோடையில் நாளுக்கே மூன்று நான்கு நொடி பின்தங்குகிறது. கிரிஸ்டலுக்கு வயதாகிவிட்டதா, கெபாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றட்டுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, பழைய 9 வோல்ட் அடாப்டர் எரிந்துபோனதால் போன வருடம் வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரை மாட்டினேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த அடாப்டர்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு 86,400 நொடி. நாளுக்கு ஒரு நொடி தவறினால் அது பத்து லட்சத்துக்கு 11.6 பங்கு, அதாவது 11.6 பிபிஎம். உங்கள் கடிகாரம் ஆரம்பத்தில் தவறியது சுமார் 9 பிபிஎம், இப்போது தவறுவது 35-லிருந்து 45 பிபிஎம் வரை. இந்த வகை சின்ன உருளைக் கிரிஸ்டல்களுக்கு, வயதாவதால் வரும் மாற்றம் முதல் ஆண்டில் 3 பிபிஎம் அளவுக்குள் இருக்கும் என்றுதான் தயாரிப்பாளர்கள் தகவல் தாளில் போடுகிறார்கள், அதற்குப் பிறகு வருடா வருடம் அது குறைந்துகொண்டே போகும். பத்து வருடம் சும்மா ஓடிய கிரிஸ்டல் ஒரே வருடத்தில் 30 பிபிஎம் நகர்ந்தது என்றால் அதை வயதின் தலையில் போட முடியாது. புதிதாக ஏதோ நடந்திருக்கிறது.

அந்த ஏதோ, பெரும்பாலும் சூடுதான். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குள் இருப்பது இசைக்கவை வடிவத்தில் வெட்டிய ஒரு துளி குவார்ட்ஸ். அது 25 டிகிரி பக்கத்தில்தான் தன் உச்ச வேகத்தில் அதிரும், அங்கிருந்து சூடானாலும் குளிர்ந்தாலும் வேகம் குறையத்தான் செய்யும், எந்தப் பக்கம் போனாலும் வேகம் அதிகமாகாது. குறைவு எவ்வளவு என்றால், 25-லிருந்து எத்தனை டிகிரி விலகியதோ அதன் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்குங்கள். 40 டிகிரியில் 15-ன் வர்க்கம் 225, பெருக்கினால் 7.65 பிபிஎம், நாளுக்கு முக்கால் நொடிக்கும் கொஞ்சம் குறைவு. 60 டிகிரியில் 35-ன் வர்க்கம் 1225, பெருக்கினால் கிட்டத்தட்ட 42 பிபிஎம், நாளுக்கு 3.6 நொடி. நீங்கள் சொன்ன எண் இதுதானே.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? எல்இடி எண்களும் மைக்ரோகண்ட்ரோலரும் சேர்ந்து 300 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9 வோல்ட் அடாப்டர் இருந்தபோது அதை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 ரெகுலேட்டர் மேல் விழுந்தது 4 வோல்ட், அதாவது 1.2 வாட். 12 வோல்ட் ஆனதும் 7 வோல்ட், 2.1 வாட். அதுவும் அது பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டராக இருந்தால், மேலே 12 என்று அச்சிட்டிருந்தாலும் குறைந்த சுமையில் 15 வோல்ட் வரை கொடுக்கும், மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அப்போது 3 வாட். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று வாட் என்பது சின்ன விஷயம் இல்லை, வெளியே அறையே 36, 37 டிகிரியில் இருக்கும் சித்திரை வைகாசியில் உள்ளே 60 தொடுவது சுலபம். எண்களுக்கான மின்சாரத்தை 7805-க்கு முன்பே நேராக அடாப்டரிலிருந்து எடுத்திருந்தால் கதை கொஞ்சம் மாறும், அப்போது அந்தக் கூடுதல் வோல்ட் எல்இடிக்கு முன்னால் இருக்கும் ரெசிஸ்டர்களைச் சுடவைக்கும், எண்களும் முன்பைவிடப் பளிச்சென்று எரியும். சூடு என்னவோ அதே பெட்டிக்குள்தான்.

இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள், செலவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டு அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். எண்கள் அணைந்துவிடும், ஆனால் டிஎஸ்1307 உள்ளே இருக்கும் காசு பேட்டரியில் நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை அதே நேரத்தில் மாட்டிப் பாருங்கள். மூன்று நாளில் பத்து நொடி பின்தங்கியிருக்க வேண்டியது இரண்டு மூன்று நொடியோடு நின்றால் கிரிஸ்டல் மேல் எந்தப் பழியும் இல்லை. இல்லை, அப்போதும் பத்து நொடி என்றால் கீழே நான் ஈரம், ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்குப் பயன்படும் பிசின்) என்று சொல்லப்போகிற பக்கம் போங்கள்.

சூடுதான் என்று தெரிந்தால், சுலபமான வழி 7805-ஐயே எடுத்துவிட்டு ஒரு நல்ல 5 வோல்ட் போன் சார்ஜரிலிருந்து நேராகக் கொடுப்பது. எண்களுக்கு அதிக வோல்ட் வேண்டுமென்றால் பழையபடி 9 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள், ரெகுலேட்டரைப் பெட்டிக்கு வெளியே, ஒரு அலுமினியத் தகட்டில் ஏற்றுங்கள். பெட்டியின் மேல்விளிம்பில் நாலு துளை, கீழ்விளிம்பில் நாலு துளை போட்டாலே காற்று மேலேறி ஓடும். கிரிஸ்டலை நீளமான ஒயரில் கட்டி தூரமாகக் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்பார்கள், வேண்டவே வேண்டாம், அந்த ஒயரே ஒரு கெபாசிட்டராகவும் சத்தம் பிடிக்கும் ஆன்டெனாவாகவும் வேலை செய்யும்.

சரி, இப்போது உண்மையாகவே வயதாவது என்றால் என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் கேள்வியின் மற்ற பாதி அதுதான். கிரிஸ்டலின் உலோக உறைக்குள் வெற்றிடம். குவார்ட்ஸ் மேல் மெல்லிய உலோகப் பூச்சு, அதைத் தாங்கிப் பிடிக்கும் ஒட்டு. தயாரிக்கும்போது உள்ளே தங்கிய வாயுவும் தூசும் அணு அணுவாக குவார்ட்ஸ் மேல் படியும், அல்லது அதன் மேலிருந்து கிளம்பிப் போகும். படிந்தால் கவை கனத்து வேகம் குறைகிறது, கிளம்பினால் வேகம் கூடுகிறது. பூச்சிலும் ஒட்டிலும் ஆரம்பத்தில் இருக்கும் இறுக்கம் மெல்ல மெல்லத் தளர்வதும் ஒரு காரணம். இது எல்லாமே முதலில் வேகமாகவும் பிறகு மிக மெதுவாகவும் நடக்கிற காரியங்கள், அதனால்தான் முதல் மாதத்தில் நகர்கிற தூரத்தைக் கடக்க அடுத்து ஒரு வருடம் பிடிக்கிறது. புதிதாக சால்டர் செய்த போர்டில் முதல் வாரமே அளந்து திருத்தி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து ஏமாற்றம் அடைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சால்டர் சூட்டிலிருந்து அது ஆற வேண்டும், குறைந்தது ஒரு மாதம் ஓடவிட்டுத் திருத்துங்கள்.

கிரிஸ்டலை நாமே வேகமாகக் கிழவனாக்கவும் முடியும். இந்தச் சின்னக் கவைகள் தாங்கும் சக்தி 1 மைக்ரோவாட்தான். அதை மனதில் வைத்துச் செய்யப்பட்ட டிஎஸ்1307 போன்ற ஐசியில் பிரச்சினை இல்லை. ஆனால் துடிப்பை எண்ணிப் பகுக்கும் சிடி4060 ஐசியில் இந்தக் கிரிஸ்டலை மாட்டி, தொடரில் வைக்க வேண்டிய ரெசிஸ்டரை விட்டுவிட்டால், அது தேவைக்கு மேல் உலுக்கப்பட்டு வருடக்கணக்கில் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகும். உறையை போர்டோடு ஒட்ட வேண்டும் என்று சால்டரிங் அயர்னை அதன் மேல் பத்து நொடி அழுத்திப் பிடிப்பது இன்னொரு தப்பு. மீயொலித் தொட்டியில் போர்டைக் கழுவுவதும் ஆபத்து, அந்தத் தொட்டிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிர்பவை, கவை கூடவே சேர்ந்து ஆடி முறிந்துவிடும்.

கெபாசிட்டருக்கு வருகிறேன். கிரிஸ்டல் எந்த வேகத்தில் அதிரும் என்பது அதன் இரு கால்களுக்கு இடையே எவ்வளவு கெபாசிட்டன்ஸ் தெரிகிறது என்பதையும் பொறுத்தது. 12.5 பைக்கோஃபாரட்டுக்கு என்று வெட்டிய கிரிஸ்டலுக்கு ஒரு பைக்கோஃபாரட் கூடினால் சுமார் 7 பிபிஎம் வேகம் குறையும், அதாவது நாளுக்கு அரை நொடிக்கு மேல். டிஎஸ்1307-க்குள் அந்த 12.5 ஏற்கெனவே இருக்கிறது, வெளியே எதுவும் வைக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் 22 பைக்கோஃபாரட் வைத்துவிட்டால் கடிகாரம் முதல் நாளிலிருந்தே நாளுக்கு நாலு நொடி பின்தங்கும். இன்னொரு கடிகார ஐசியான டிஎஸ்1302 இதற்கு நேர்மாறு, அது 6 பைக்கோஃபாரட் கிரிஸ்டலை எதிர்பார்க்கிறது, அதில் 12.5 கிரிஸ்டலை மாட்டிய மாட்யூல்கள் நாளுக்கு ஏழெட்டு நொடி முந்தி ஓடும். இதெல்லாம் பிறவிக் கோளாறு, வயது இல்லை. வெளியே கெபாசிட்டர் வைத்தே ஆக வேண்டிய சர்க்யூட் என்றால் என்பி0 அல்லது சி0ஜி என்று போட்ட வகையை மட்டும் வாங்குங்கள், அது காலத்தாலும் சூட்டாலும் அசையவே அசையாது என்று சொல்லலாம். எக்ஸ்7ஆர் வகை, ஓடிய மணிநேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டரை சதவீதம் தன் மதிப்பை இழக்கும். திருகி மாற்றும் ட்ரிம்மர் இன்னும் மோசம், தூசியும் ஈரமும் உள்ளே போய்விடும், ஒரு தட்டு தட்டினாலே மாறும். அதை ஒழித்துவிட்டு சாஃப்ட்வேரில் திருத்துவதே மேல்.

ஈரம், ஃபிளக்ஸ். கிரிஸ்டல் கால்கள் இருக்கும் இடம் மெகா ஓம் கணக்கில் எதிர்ப்பு உள்ள இடம், அங்கே சால்டர் செய்தபோது மிஞ்சிய ஃபிளக்ஸ் பிசின் போல இருந்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மெல்லிய கசிவுப் பாதையாகிவிடும். இப்படிக் கெட்ட ஒரு போர்டு என்னிடம் இருந்தது, வெயில் நாளில் சரியாக ஓடும், மூன்று நாள் அடைமழை பெய்தால் பின்தங்கும், ஒருநாள் விடியற்காலை நின்றே போனது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து அந்த இரண்டு கால்களின் நடுவிலும் ஐசி கால்களின் நடுவிலும் தேய்த்தேன், பழுப்பாக ஒரு கறை பிரஷ்ஷில் ஏறியது. ஹேர் டிரையரில் உலர்த்தி, மேலே மெல்லிதாகப் பாதுகாப்பு வார்னிஷ் அடித்தேன். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது, பிசகவில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இருக்கிறது. கடிகாரம் தினமும் ஒரே அளவில் நழுவுவது வேறு, திடீரென்று ஒரு நொடியோ பத்து நொடியோ தாவுவது வேறு. சிடி4060, சிடி4013 வைத்து எண்ணுகிற பழைய சர்க்யூட்களில் மின்சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் காய்ந்துபோனால் ஃபிரிட்ஜோ மோட்டாரோ ஓடத் தொடங்கும் நேரத்தில் வரும் துடிப்பையும் சேர்த்து எண்ணிவிடும், கடிகாரம் முந்தும். எலக்ட்ரோலிடிக்குக்கு நிஜமாகவே வயதாகும், பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் கணக்கு. உங்கள் போர்டில் பத்து வருடமான எலக்ட்ரோலிடிக்கை மாற்றுவது நல்லதுதான், ஆனால் அதனால் 40 பிபிஎம் சரியாகிவிடாது.

இடையில் ஒன்று, கிரிஸ்டலே வேண்டாம், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை எண்ணினால் போதும், அதற்கு வயதே ஆகாது என்று யாராவது யோசனை சொல்வார்கள். சராசரி 49.95 ஹெர்ட்ஸ் ஆனாலே நாளுக்கு 86 நொடி போய்விடும், நம் கிரிட்டில் 49.90-லிருந்து 50.05 வரை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் வருகிறது அது. இதைக் கவனமாகச் சரிக்கட்டி வரும் ஐரோப்பாவிலேயே 2018 தொடக்கத்தில், செர்பியாவும் கொசோவோவும் சார்ந்த பகுதியில் மின்சாரம் பற்றாமல் போய், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கண்டம் முழுக்க அடுப்புக் கடிகாரங்கள் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பின்தங்கின.

அளப்பது எப்படி? விலையுயர்ந்த கருவி தேவையில்லை, பொறுமைதான் கருவி. புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் இந்திய நேரத்தைப் பராமரிக்கிறது, இணையத்தில் அந்த நேரத்தோடு ஒத்துப்போகிற ஒரு போன் திரையையும் உங்கள் சுவர்க் கடிகாரத்தையும் ஒரே சட்டத்தில் வருமாறு இன்னொரு போனில் பத்து நொடி வீடியோ எடுங்கள். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, போனில் நொடி மாறிய ஃபிரேமுக்கும் கடிகாரத்தில் மாறிய ஃபிரேமுக்கும் இடையே எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 33 மில்லி நொடி. இணையத் தாமதம் எல்லாம் சேர்த்துப் பத்தில் ஒரு நொடி பிழை என்றே வையுங்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்தால் அது 0.12 பிபிஎம்முக்கு மேல் வராது. அவசரமென்றால் ஜிபிஎஸ் மாட்யூலின் நொடித்துடிப்பையும் கடிகார ஐசியின் ஒரு ஹெர்ட்ஸ் வெளியீட்டையும் மைக்ரோகண்ட்ரோலரில் கொடுத்து இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், 1 பிபிஎம் தவறு என்றால் அந்த இடைவெளி மணிக்கு 3.6 மில்லி நொடி நகரும். பழைய ஜிபிஎஸ் மாட்யூல் சில, 2019 ஏப்ரல் 6-ல் வார எண் சுழன்று பூஜ்யத்துக்கு வந்தபின் தேதியை இருபது வருடம் பின்னால் காட்டும், கவலை வேண்டாம், நொடித்துடிப்பு சரியாகவே இருக்கும். ஆனால் ஆஸிலாஸ்கோப்பின் புரோபை மட்டும் கிரிஸ்டல் காலில் வைத்து அளக்காதீர்கள். புரோபே பத்துப் பதினைந்து பைக்கோஃபாரட், நீங்கள் அளப்பது கிரிஸ்டலை இல்லை, கிரிஸ்டலும் புரோபும் சேர்ந்ததை, பல நேரம் அது நின்றே போகும்.

அளந்த பிறகு திருத்துவது. டிஎஸ்1307-ல் திருத்தத்துக்கென்று ரெஜிஸ்டர் (ஐசிக்குள் எண் எழுதி வைக்கும் இடம்) கிடையாது, நிரலில்தான் செய்ய வேண்டும். 9 பிபிஎம் பின்தங்குகிறது என்றால் 1,11,111 நொடிக்கு ஒரு நொடி, அதாவது 31 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒருமுறை ஒரு நொடியைக் கூட்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: நொடி ரெஜிஸ்டரில் எழுதும் அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் பகுப்பான் சங்கிலி பூஜ்யத்துக்குப் போய்விடும், ஆகவே நொடியின் நடுவில் எழுதினால் அரை நொடி வீணாகும். நொடி மாறிய உடனேயே எழுதுங்கள், அதுவும் நிமிடத்தின் 30-வது நொடி மாதிரி நடுவாந்தரமான இடத்தில், 59-ல் போய் எழுதி நிமிடத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால் சூட்டைச் சரிசெய்த கையோடு டிஎஸ்3231 என்ற கடிகார ஐசிக்கு மாறிவிடுங்கள். கிரிஸ்டல் ஐசிக்குள்ளேயே இருக்கிறது, 64 நொடிக்கு ஒருமுறை தன் வெப்பநிலையைத் தானே பார்த்து கெபாசிட்டன்ஸைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், 0-விலிருந்து 40 டிகிரிவரை 2 பிபிஎம், அதாவது வருடத்துக்கு ஒரு நிமிடம்தான் எல்லை. அதே முகவரி, நேர ரெஜிஸ்டர்களும் அதே வரிசை, உங்கள் நிரலில் ஒரு வரிதான் இடிக்கும்: டிஎஸ்1307-ல் சதுர அலையை இயக்க 7-ஆம் ரெஜிஸ்டரில் எழுதுவீர்கள், டிஎஸ்3231-ல் அந்த இடம் அலாரத்துக்கு உரியது, சதுர அலைக்கு 14-ஆம் ரெஜிஸ்டர். வாங்கும்போது முடிவில் 'எம்' எழுத்து உள்ள வகையா என்று பாருங்கள், அது வேறு ஆஸிலேட்டர், அதற்கு எல்லை 5 பிபிஎம்.

இந்த ஐசிக்கும் வயதாகும், முதல் ஆண்டில் 1 பிபிஎம், பத்து ஆண்டில் 5 பிபிஎம் வரை என்று அதன் தகவல் தாளே ஒப்புக்கொள்கிறது. அதற்காகவே 16-ஆம் ரெஜிஸ்டர் இருக்கிறது, அதில் ஒரு படி சுமார் 0.1 பிபிஎம். நேர்மறை எண் எழுதினால் வேகம் குறையும், எதிர்மறை எழுதினால் கூடும். முப்பது நாளில் 5 நொடி முந்தினால் 1.93 பிபிஎம், எனவே ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு 19-ஐக் கூட்டுங்கள். எழுதிய உடன் மாறாது, அடுத்த வெப்ப அளவின்போதுதான் நடைமுறைக்கு வரும். மின்சாரமும் பேட்டரியும் ஒருசேரப் போனால் இந்த எண் பூஜ்யமாகிவிடும், அதனால் மைக்ரோகண்ட்ரோலரின் நினைவகத்தில் ஒரு பிரதி வைத்து, ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் திரும்ப எழுதச் சொல்லுங்கள். நான் பெட்டியின் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, தேதி, அன்று இருந்த பிழை, எழுதிய எண் மூன்றையும் பேனாவால் குறித்து வைக்கிறேன், ஆறேழு வரி சேர்ந்ததும் அந்த ஐசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த உடனே தெரிகிறது. தை மாதத்தில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை அளந்தால் போதும்.

மலிவான நீல நிற டிஎஸ்3231 மாட்யூல் வாங்கினால் மாட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதில் ரீசார்ஜ் ஆகும் பேட்டரிக்கென்று ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் போட்டிருப்பார்கள், சாதாரண சிஆர்2032 போட்டு 5 வோல்ட்டில் ஓட்டினால் அது ரீசார்ஜ் ஆகக் கூடாத பேட்டரிக்குள் மின்சாரத்தை விடாமல் தள்ளும், பேட்டரி உப்பும், கசியும். அந்த ரெசிஸ்டரைச் சூடுகாட்டி எடுத்துவிடுங்கள். பேட்டரியை மாற்றும் நாளில் அடாப்டரைப் பிடுங்காமல், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள்.